நீராடு நகரங்களும் மட்டக்களப்பு வாவியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஐரோப்பாவுக்குச் சென்று மீளும் நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு பொதுப்பண்பு காணப்படுகின்றது. கட்டடங்கள் விரிவாக வருணிக்கப்படும். தெருக்களின் தூய்மை வியக்கப்படும். அந்நகரங்களில் பழமை பேணப்படும் முறை போற்றப்படும். நம் நாட்டில் இவையெல்லாம் எப்போது வரும் என்ற பெருமூச்சுடன் கட்டுரை முடியும். அக்கட்டடத்தை எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்தது, அத்தெருவை விடியுமுன் கழுவுபவர் யாவர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. ஏ. கே. செட்டியார் போன்ற சிலரை இதற்கு விலக்காகக் கொள்ளலாம். ஏனையோரிடத்து நகரம் என்பது மனிதர் வாழும் இடமாகவன்றி, பார்வையாளர் முன் விரிக்கப்பட்ட ஒரு திரைச்சீலையாகவே அமைந்துவிடுகின்றது.

இக்குறைபாடு மிகத் தெளிவாகப் புலப்படுவது, நிலத்தடியிலிருந்து இயல்பாகச் சுரக்கும் வெந்நீரையும் கனிமநீரையும் மையமாகக் கொண்டு எழுந்த நகரங்களைப் பற்றிய எழுத்துக்களிலாகும். இந்நகரங்களை ‘நீராடு நகரங்கள்’ என இக்கட்டுரை குறிக்கின்றது. 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஏழு நாடுகளைச் சேர்ந்த பதினொரு நீராடு நகரங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் ஒருங்கே சேர்த்தது. இங்கிலாந்தின் பாத், ஜேர்மனியின் பாடன்-பாடன், பிரான்சின் விஷி, பெல்ஜியத்தின் ஸ்பா, இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி என வழங்கும் பழைய கார்ல்ஸ்பாட் என்பன அவற்றுட் சில. நீர் நிலத்திலிருந்து பொதுவாகச் சுரப்பது. அது நகரமாவதும் நகரமாகாது கிணறாகவே நிற்பதும் சமூகத்தின் செயல். ஐரோப்பாவின் ஊற்றுக்களையும் நமது கிழக்கிலங்கையின் நீர்நிலைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின் இவ்வுண்மை துலக்கமாகும்.

கார்ல்ஸ்பாட்டிலிருந்து தொடங்குவோம். அங்கே நீர் அருந்த வந்த புகழ்பெற்றோர் பட்டியலில் கதே முதலானோருடன் கார்ல் மார்க்சின் பெயரும் இடம்பெறுவது நம்மிற் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஈரல் நோயாலும் உறக்கமின்மையாலும் வருந்திய மார்க்ஸ், மருத்துவரின் அறிவுரைப்படி 1874, 1875, 1876 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்குச் சென்றார். முதற் பயணத்தில் மகள் எலினோர் உடன் சென்றார். விடியற்காலையில் எழுந்து, ஊற்றுக்கு ஊற்று நடந்து, கால்மணி நேர இடைவெளிகளில் குவளை குவளையாக வெந்நீர் அருந்துவதே அங்குள்ள ஒழுங்கு. ‘மூலதனம்’ நூலின் ஆசிரியர் இவ்வொழுங்கைப் பள்ளிச் சிறுவன்போலப் பின்பற்றினார் என்பது அவர் கடிதங்களாற் பெறப்படும்.

அதனினும் சுவையானது, நகரத்தின் விருந்தினர் பதிவேட்டில் அவர் தம்மை எவ்வாறு பதிந்துகொண்டார் என்பது. இலண்டனைச் சேர்ந்த சார்ல்ஸ் மார்க்ஸ், சொந்த வருவாயில் வாழ்பவர் என்பதே அப்பதிவு. இதன் விளைவாக நகருக்குச் செலுத்தவேண்டிய நீராட்டு வரி அவருக்கு இரட்டிப்பாயிற்று. எனினும் ‘அந்த’ மார்க்ஸ் இவரல்லர் என்று அதிகாரிகள் எண்ணக்கூடும் என அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். அவரைப் பொலிசார் கண்காணிக்கவே செய்தனர் என்பது வேறு கதை. அப்பயணத்துக்குச் சற்று முன்னர் அவர் பிரித்தானியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்திருந்தார். பிரஷ்யக் குடியுரிமையை 1845 இலேயே துறந்து நாடற்றவராக வாழ்ந்த ஒருவர், ஆஸ்திரியப் பேரரசின் எல்லைக்குள் செல்லுமுன் காப்பொன்றைத் தேடியது இயல்பே. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது; தமது மன்னருக்கு விசுவாசமாக இல்லாதவர் என்பதே பொலிசார் கூறிய காரணம். 1878 இல் பிஸ்மார்க்கின் சோசலிசவாதிகளுக்கு எதிரான சட்டம் வந்தபின் கார்ல்ஸ்பாட்டுக்கான வழி அவருக்கு முற்றாக அடைபட்டது.

இச்செய்திகளை வெறும் வாழ்க்கைத் துணுக்குகளாகக் கொள்ளலாகாது. நீராடு நகரம் என்பது நோயாளர் கூடும் இடம் மட்டுமன்று. வர்க்கத்தை அளந்து வரி விதிக்கும் இடம். அரசு தன் எதிரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். இதே கார்ல்ஸ்பாட்டில்தான் 1819 இல் மெற்றர்னிக்கின் தலைமையில் ஜேர்மானிய அரசுகள் கூடிப் பத்திரிகைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விலங்கிடும் தீர்மானங்களை நிறைவேற்றின. அப்போது மார்க்ஸ் ஒரு வயதுக் குழந்தை. தணிக்கை தீர்மானிக்கப்பட்ட ஊரில், தணிக்கையால் பத்திரிகையை இழந்தவர் பிற்காலத்தில் ஈரலுக்கு மருந்து தேடினார்.

இலக்கிய மாணவனுக்குப் பாத் நகரம் இன்னும் பல தருகின்றது. நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்கு மேலாக, ஏறத்தாழ 46 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அங்கு நீர் சுரக்கின்றது. உரோமர் அதனைச் சூழக் கோயிலும் குளிப்பிடமும் கட்டினர். அவ்வூற்றினுள் 1979-80 காலத்து அகழ்வில் கிடைத்த ஈயத் தகடுகள் குறிப்பிடத்தக்கவை. ஏறத்தாழ நூற்றுமுப்பது தகடுகள்; பெரும்பாலானவை சாபங்கள். குளிக்கும்போது தன் மேலாடையைத் திருடியவன் அடிமையாயினும் சுதந்திர மனிதனாயினும் அழிக என்று தெய்வத்திடம் முறையிடுபவை. உரோமப் பெருங்கட்டடங்களைப் பற்றி நூல்கள் பல உள்ளன; ஓர் ஆடையை இழந்தவனின் ஆத்திரத்தைச் சொல்லும் இத்தகடுகளே எமக்கு அவ்வூரின் மக்கள் வரலாறாகத் தோன்றுகின்றன.

பாத் நகரின் தோற்றம் பற்றி ஒரு கதை உண்டு. தொழுநோய்ப்பட்ட இளவரசன் பிளாடட் அரண்மனையிலிருந்து விலக்கப்பட்டுப் பன்றி மேய்ப்பவனானான். பன்றிகள் வெதுவெதுப்பான சேற்றிற் புரண்டு தோல்நோய் நீங்கக் கண்டு தானும் புரண்டு குணமடைந்தான். பின்னர் அவ்விடத்தே நகரமைத்தான் என்பது அது. இக்கதையை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாத் ஆங்கில உயர்குடியினரின் பொழுதுபோக்குத் தலைநகராயிற்று. ஜோன் வுட் என்னும் பெயருடைய தந்தையும் மகனும் அமைத்த பிறை வடிவத் தெருக்கள் இன்றும் பயணியரைக் கவர்கின்றன. அக்கட்டடங்களில் வாடகைக்குத் தங்கியோருள் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளைக் கொண்டு கரும்பு விளைவித்த தோட்ட உடைமையாளரும் இருந்தனர். வறிய நோயாளருக்கு இடமே இல்லாதிருந்ததெனல் பொருந்தாது; வெளியூர் ஏழைகளுக்கென 1738 இல் ஒரு மருத்துவமனை நிறுவப்பட்டது. ஆனால் அதனுட் புகுவோர் முற்பணம் கட்டுதல் வேண்டும். நோய் தீர்ந்தால் ஊர் திரும்பும் செலவுக்கு. தீராவிடின் புதைக்கும் செலவுக்கு. இவ்வளவு நேர்மையாகத் தன்னை வெளிப்படுத்திக்கொண்ட கருணையை வரலாற்றில் அதிகம் காணவியலாது.

ஜேன் ஒஸ்ரின் இறந்த 1817 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘பேர்சுவேசன்’ நாவலில் இம்முரண்பாடு நுண்மையாகப் பதிவாகியுள்ளது. கடனில் மூழ்கிய பிரபுவான சேர் வோல்ரர் எலியற் தம் மாளிகையை வாடகைக்கு விட்டுவிட்டுப் பாத் நகருக்கு வருகின்றார். குறைந்த செலவில் பெரிய மனிதராகத் தோன்றத்தக்க இடம் அதுவே. அதே நகரின் மதிப்பற்ற ஒரு பகுதியில், முடக்குவாதத்தால் நடக்கவியலாத விதவை ஸ்மித் இரண்டு அறைகளில் ஒடுங்கிக் கிடக்கின்றாள். வெந்நீர்க் குளிப்புக்குத் தூக்கிச் செல்லப்படும்போது மட்டுமே அவள் வெளியுலகைக் காண்கிறாள். தம் மகள் அவளைக் காணச் செல்வதைப் பிரபு எள்ளி நகையாடுகிறார். இதுவரை ஒஸ்ரினின் அங்கதம் நம்மை உடன்பட வைக்கின்றது. ஆனால் நாவலின் முடிவில் ஸ்மித்தின் துன்பம் எவ்வாறு தீர்கின்றது? அவள் கணவனுக்கு மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த, முடக்கப்பட்டுக் கிடந்த சொத்து மீட்கப்படுகின்றது. அச்சொத்தில் உழைத்தவர் யாவர் என்பது பற்றி நாவல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ‘மான்ஸ்பீல்ட் பார்க்’ பற்றி எட்வேட் செயித் 1993 இல் எழுப்பிய வினா இங்கும் பொருந்தும். நம் அனுதாபத்துக்குரிய அந்த ஏழைப் பெண்ணின் வெந்நீரும் கரும்புத் தோட்டத்தில் காய்ச்சப்பட்டதே.

இனி நமது பக்கம் திரும்புவோம். இலங்கையில் எரிமலை இல்லை. ஆயினும் வெந்நீரூற்றுக்கள் உண்டு. மழைநீர் பாறைப் பிளவுகளூடாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீளுவதால் இவை உண்டாகின்றன. நாட்டின் நடுவிலுள்ள உயர்நிலப் பாறைத் தொகுதியும் கிழக்கே விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இவை பெரிதும் அமைந்துள்ளன. திருகோணமலைக்கு அருகே கன்னியா. மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை வழியாகப் பதுளைக்குச் செல்லும் வீதியை அடுத்து மகாஓயா. பதியத்தலாவைப் பக்கத்தில் வேறு சில. மகாஓயா நீரின் வெப்பம் பாத் நகரின் ஊற்றைவிடக் கூடுதலானது. 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை மகாஓயாப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தினுள்ளேயே இருந்தது என்பது இன்றைய மாணவர் பலர் அறியாத செய்தி.

ஐரோப்பியர் இவற்றைக் காணாதிருக்கவில்லை. கன்னியாவின் வெந்நீரில் வாழ்ந்த சிறு மீன் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியேயின் கைக்கு எட்டி, 1829 இல் ‘அப்போகோன் தெர்மாலிஸ்’ என்னும் அறிவியற் பெயர் பெற்றது. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனென்ற் 1859 இல் வெளியிட்ட தம் நூலில் கன்னியாவையும் குறித்தார். மட்டக்களப்பு வாவியில் இரவில் எழும் இன்னொலியையும் குறித்தார். ‘பாடும் மீன்’ உலகறியப் பெற்றதில் அவருக்குப் பங்குண்டு. மீனுக்குப் பெயரும் புகழும் கிடைத்தன. ஆனால் ஊற்றைச் சுற்றி ஒரு தெருவேனும் எழவில்லை. ஏன்?

வெப்ப நாட்டில் வெந்நீர்க் குளிப்புக்கு என்ன தேவை என்பார் உளர். இது பாதி உண்மையே. குளிர்நாட்டான் வெந்நீரைத் தேடியதுபோல, இங்கு வந்த ஆங்கிலேயன் குளிரைத் தேடினான். கிழக்கின் காய்ச்சலுக்கும் வெக்கைக்கும் அஞ்சியவன் நுவரெலியாவுக்கு ஏறினான். சாமுவேல் பேக்கர் காய்ச்சலுக்குப் பின் உடல்நலம் தேடி அங்குச் சென்றதையும் பின்னர்க் குடியேறியதையும் தாமே எழுதியுள்ளார். ஆளும் வர்க்கத்தின் நீராடு நகரம் இலங்கையில் மலையுச்சியில் அமைந்தது. அதனைச் சூழ்ந்த செல்வம் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரின் உழைப்பிலிருந்து பிறந்தது. அவர்களின் வழித்தோன்றல்களை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. கார்ல்ஸ்பாட்டின் நாடற்ற நோயாளி எங்கள் நினைவுக்கு மீண்டும் வருவது தற்செயலன்று.

உள்ளூர்ச் சமூகத்தின் பக்கத்திலும் காரணம் தேடவேண்டும். மட்டக்களப்பின் உபரி நெல்லாகும். போடியார் நிலமுடையவர், முல்லைக்காரர் வயற்காரரை நடத்துபவர், விளைச்சலின் ஒரு பகுதி குடிமுறையின் வழியே கோயிலைச் சென்றடைந்தது. ஆகவே நீர் சார்ந்த கூட்டமும் கொண்டாட்டமும் வெந்நீரூற்றில் அன்றிக் கோயிற் கேணியில் நிலைகொண்டன. அமிர்தகழி மாமாங்கத்தில் ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் நீராடுவர். திருக்கோவிலில் அதே நாளில் தீர்த்தம் கடலில். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோருக்குப் பயணத்தின் முடிவு மாணிக்க கங்கையில் முழுகுதல். இவையெல்லாம் ஆண்டில் சில நாட்கள் நகரமாகிப் பின் கலையும் இடங்கள். பந்தல், கடை, அன்னதானம் எல்லாம் எழும். பின்னர் பழைய கேணியும் அரசமரமும் மிஞ்சும். நிலையான விடுதியும் நாடக அரங்கும் சூதாட்ட மண்டபமும் எழுவதற்கு, ஆண்டு முழுதும் உழையாது செலவிடத்தக்க ஒரு வர்க்கம் வேண்டும். நெல்லை நம்பிய போடியாருக்கு அத்தகைய ஓய்வு கிடையாது. விதைப்பும் வெட்டும் அவரையும் கட்டியே வைத்தன.

நீராட்டு மருத்துவம் நம்மிடம் இல்லாதிருந்ததா? சித்திரை வருடப்பிறப்பில் தலையில் வைத்து முழுகும் மருத்துநீரும், பிள்ளை பெற்றவளுக்கு இலைகுழை அவித்து வார்க்கும் நீரும், வேது பிடித்தலும் எதனைக் காட்டுகின்றன? ஐரோப்பாவில் நகரமும் வைத்தியனும் சேவகரும் செய்த பணியை இங்கே வீட்டின் கொல்லைப்புறத்தில் பெண்கள் செய்தனர். கூலியற்ற அவ்வுழைப்பைப் பதிந்துவைக்க விருந்தினர் பதிவேடு எதுவும் இருக்கவில்லை. மரபு மருத்துவம் பற்றிப் பெருமிதத்துடன் எழுதுவோர் அடுப்பை ஊதியவளை நினைவிற்கொள்வது நன்று.

இவ்வாறு கூறுவதால் நமது தீர்த்தங்கள் சமத்துவத்தின் உறைவிடங்கள் என்று பொருளாகாது. யாழ்ப்பாணத்துக் கீரிமலையை நோக்குக. குதிரை முகமுற்ற சோழ இளவரசி அங்கு நீராடி முகம் திருந்தினாள். நன்றிக்கடனாக மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுத்தாள் என்பது ஐதிகம். பிளாடட் கதையின் உடன்பிறப்பு எனத்தக்க கதை இது. இரண்டிலும் நோயுற்ற அரசகுலத்தவர் நீரால் நலமுற்றுப் பெருங்கட்டடம் ஒன்றைத் தோற்றுவிக்கின்றனர். ஆனால் உருமாறிய அரசிளங்குமரியை ஏற்ற அதே மரபு, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மாவிட்டபுரம் கோயிலின் கதவை அடைத்தது. 1968 இல் அங்கு நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அக்கதையின் எழுதப்படாத பிற்பகுதியாகும். தீர்த்தமாடலை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிட்ட நம் முற்போக்கு விமர்சகர் சிலர், நீருக்கான போராட்டமும் மனித மதிப்புக்கான போராட்டமும் ஒன்றாயிருந்ததைப் போதிய அளவு ஆராயவில்லை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ளவேண்டும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதனுள் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கின்றது. பயணிகள் அதனைப் படம்பிடிக்கின்றனர். கல்லடிப் பாலத்தில் நின்று மீன் பாடுமா என்று காதுகொடுக்கின்றனர். அதே வாவியில் மாந்தீவு என ஒரு தீவுண்டு. வழிகாட்டி நூல்கள் அதனைப் பெரும்பாலும் சுட்டுவதில்லை. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் அங்குத் தொழுநோயாளர் வைத்தியசாலை நிறுவப்பட்டது. 1901 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க வழிசெய்திருந்தது. நோயாளர் தோணியில் ஏற்றப்பட்டனர். திரும்பி வராதோர் பலர்.

பாத் நகரின் ஆதிகதை தொழுநோயாளன் ஒருவன் நீரால் குணமடைந்து நகரமைத்தான் என்று கூறுகின்றது. அந்நகரின் பிறைத்தெருக்களைப் பேணிய பேரரசு நமது வாவியில் தொழுநோயாளனுக்கு வழங்கியது நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த சிறை. ஓரிடத்தில் நீர் மருந்தாகவும் ஓரிடத்தில் மதிலாகவும் ஆயிற்று. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நீரின் கனிமங்களில் இல்லை. நோய்க்கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில் பரவிய பின்னர்ப் பிரித்துவைத்தலுக்கு மருத்துவ நியாயம் எதுவும் எஞ்சவில்லை. ஆயினும் சென்று சேர வீடில்லாத முதியவர் சிலர் இந்நூற்றாண்டிலும் அத்தீவிலேயே காலங்கழித்தனர். நோய் தீர்ந்தும் ஊர் தீண்டாதவர்கள் அவர்கள். இக்குற்றத்தை முழுவதும் வெள்ளையன்மீது சுமத்துவது நமக்கு வசதியானது, ஆனால் உண்மையன்று. தோணியை அனுப்பியவன் அவன். திரும்பி வந்தவரைக் கரையில் ஏற்காதவர் நாம்.

1983 க்குப் பின்னர் இவ்வாவிக்கரையிலிருந்தும் இளைஞர் ஐரோப்பா சென்றனர். பயணியராகவன்று, அகதிகளாக. சுவிற்சர்லாந்தில் தஞ்சமடைந்த தமிழரின் முதற்றலைமுறை பெருமளவு வேலை பெற்றது உணவகங்களிலும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலுமே. நீராடு நகரங்களும் பனிமலை நலவாழ்வு விடுதிகளும் நிறைந்த நாடு அது. பாத்திரம் கழுவுதல், விரிப்பு மாற்றுதல், முதியோரைக் குளிப்பாட்டுதல் என அமைந்த அவர்களின் உழைப்பு, நம்மவரின் ஐரோப்பியப் பயணக் கட்டுரைகளில் இன்னும் அத்தியாயம் பெறவில்லை. மார்க்சுக்குக் கிடைக்காத குடியுரிமை, காத்திருந்து, மொழி கற்று, அவர்களுட் பலருக்குக் கிடைத்தது. அவர்களின் பிள்ளைகள் இன்று அவ்விடுதிகளில் விருந்தினராகவும் நுழைகின்றனர்.

கிழக்கின் வெந்நீரூற்றுக்களோ வேறொரு சிக்கலுக்குள் அகப்பட்டுள்ளன. கன்னியாவில் ஏழு கிணறுகள் உள்ளன. இராவணன் தன் தாயின் இறுதிக்கடனுக்காக நிலத்தைப் பிளந்து தோற்றுவித்தவை என்பது மரபு. அம்மரபையொட்டி இறந்தோருக்கான அந்தியேட்டிக் கிரியைகளைத் தமிழ் மக்கள் தலைமுறைகளாக அங்குச் செய்துவந்தனர். போர் முடிந்தபின் அவ்விடம் தொல்லியற் சின்னமாகவும் உல்லாசப் பயண இடமாகவும் ஆக்கப்பட்டது; பௌத்த மடாலயமொன்றின் எச்சமாக அது விளக்கப்பட்டது. 2019 ஆடி மாதத்தில், பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை அமைக்கும் முயற்சியை எதிர்த்து மக்கள் திரண்டனர். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. கிழக்கில் பௌத்தம் நிலவியதை மறுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. தமிழருள்ளும் பௌத்தர் இருந்தனர் என்பதற்கு மணிமேகலையே சான்று. வினா வேறு. மண்ணுக்கடியில் உள்ள கல்லின் வயதைக் கொண்டு, இன்று அந்நீரை வார்க்கும் கையை அகற்றலாமா என்பதே அது.

பாத் நகரின் உரோமக் குளத்தில் இப்போது யாரும் நீராட அனுமதிக்கப்படுவதில்லை. பயணிகள் சுற்றி நின்று பச்சை நீரைப் பார்த்துவிட்டுச் செல்கின்றனர். கன்னியாவில் இன்னும் வாளியால் அள்ளி வார்க்கிறார்கள். ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் சூடு வேறுபடும் என்பதைச் சிறுவர்கள் ஓடியோடிச் சோதிக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் முடித்த குடும்பமொன்று ஈர உடையோடு மரநிழலில் அமர்ந்திருக்கின்றது.